கன்ட்ரிக்காரர்கள் கையில் ராக் பாட்டு: ஒரிஜினலைத் தாண்டிய கவர் ஒன்றாவது உண்டா?

ஜனவரி 4 (ஒரு வாசகர் கேட்டது)

கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசையின் பாடகர்கள் பழைய ராக் பாட்டுகளை எடுத்துப் பாடுவது சொந்தச் சரக்கு தீர்ந்துபோனதால்தான். ஒரு தொப்பி, ஒரு ஃபிடில், கொஞ்சம் மூக்கால் இழுத்துப் பாடினால் முடிந்தது வேலை. ஒரிஜினலைவிட நன்றாக இருக்கும் ஒரே ஒரு கவரைக் காட்டுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

ஜனவரி 4, இரவு

ஒன்றுதானே? கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடிய 'ஐ வோன்ட் பேக் டவுன்'.

ராக் பாடகர் டாம் பெட்டி 1989ல் பாடியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு லாஸ் ஏஞ்சலிஸில் அவர் வீட்டுக்கு யாரோ தீ வைத்தார்கள். குடும்பத்தோடு உயிர் பிழைத்தார், யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பின்னணி தெரிந்தும், பெட்டி பாடும்போது எனக்கு அது ஒரு நல்ல வீம்புப் பாட்டாகத்தான் கேட்டது. ஜாலியாகக்கூட இருக்கும். ஜார்ஜ் ஹாரிசன் பின்னால் கிட்டார் வாசிக்கிறார், எல்லாம் பளபளவென்று இருக்கிறது. கேஷ் 2000ல் அதே பாட்டை எடுக்கிறார். அதற்குச் சில வருடங்கள் முன்பே மருத்துவர்கள் அவருக்கு நரம்புக் கோளாறு என்று சொல்லியாகிவிட்டது, கச்சேரிப் பயணங்களை நிறுத்தியாகிவிட்டது. குரல் விளிம்பில் உதிர்கிறது. நிமிர்ந்து நிற்கவே சிரமப்படுகிற ஒருவர் பின்வாங்க மாட்டேன் என்கிறார், நம்பாமல் என்ன செய்வது? இத்தனைக்கும் பின்குரல் கொடுப்பது பெட்டியேதான்.

(கேஷ் பாடிய 'ஹர்ட்' கவரை வேண்டுமென்றே சொல்லவில்லை. அதை ஊரே சொல்லிவிட்டது.)

ஜனவரி 5

"கேஷ் டெலிபோன் டைரக்டரியைப் பாடினாலும் அழுவார்கள், அவரைக் கணக்கில் சேர்க்காதே" என்று பதில் வந்திருக்கிறது. நியாயம்தான். அப்படியானால் ஒரே ஆள், ஒரே பாட்டு, இரண்டு விதம் என்று பார்ப்போம். கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன், லெட் ஸெப்பலின் என்ற ராக் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்'.

முதல் தடவை 2002ல், 'ஹாலோஸ் அண்ட் ஹார்ன்ஸ்' ஆல்பத்தில். புளூகிராஸ் என்ற கிராமியப் பாணி வாத்தியங்கள், பின்னால் கூட்டாகப் பாடும் குரல்கள், மலைநாட்டுத் தேவாலயத்தில் பாடுவதுபோல. லெட் ஸெப்பலினின் ஒரிஜினலில் அந்த வரிகளை நான் கவனித்ததே இல்லை, எப்போது டிரம்ஸ் நுழையும், எப்போது கிட்டார் சோலோ வரும் என்றுதான் காத்திருப்பேன். டாலி பாடியபோதுதான் இது பேராசைக்காரப் பெண் ஒருத்தி சொர்க்கத்தையே விலை பேசுகிற கதை என்பது காதில் ஏறியது. அவர் டென்னசி மலைப்பக்கத்துக்காரர், தாத்தா ஊழியக்காரர். சொர்க்கத்துக்குப் படிக்கட்டு என்றால் அவருக்கு அது நேரடியான விஷயம், மூடுபனி போட்ட உருவகம் இல்லை.

இரண்டாவது தடவை 2023ல். முந்தைய வருடம் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைப் பரிந்துரைத்தார்கள், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று முதலில் மறுத்தார், கடைசியில் சேர்த்தே விட்டார்கள். சரி, சேர்த்தாயிற்று, அப்போது ஒரு ராக் ஆல்பம் போட்டே ஆக வேண்டும் என்று 'ராக்ஸ்டார்' போட்டார். 30 பாட்டுகள், இரண்டு மணி நேரத்துக்கு மேல். 'லெட் இட் பீ'க்கு பால் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் வந்து வாசிக்கிறார்கள். பில்போர்டு 200ல் 3ஆம் இடத்தில் நுழைந்தது, அவர் வாழ்க்கையிலேயே உயர்ந்த இடம். அதில் மறுபடியும் 'ஸ்டேர்வே'. இந்தத் தடவை ஒரிஜினல் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு வருகிறார். நன்றாகத்தான் பாடுகிறார், 77 வயதில் அந்தக் குரல் ஆச்சரியம்தான், ஆனால் கேட்டு முடித்ததும் ஒரிஜினலைப் போடத் தோன்றுகிறது. 2002 பதிவைக் கேட்டால் அதையேதான் திரும்பப் போடத் தோன்றும்.

என் அளவுகோல் இவ்வளவுதான். கவர் முடிந்ததும் கை எதைத் தேடிப் போகிறது?

ஜனவரி 5, கொஞ்சம் கழித்து

அந்த 2023 'ஸ்டேர்வே'யில் பாப் பாடகி லிஸோ வாசிக்கும் புல்லாங்குழலைக் கிண்டல் செய்ய வேண்டாம். ஒரிஜினலின் ஆரம்பத்தில் ஜான் பால் ஜோன்ஸ் வாசிப்பது ரெக்கார்டர், அதுவும் ஊதுகுழல்தான். 2023 பதிவில் யோசித்துச் செய்த விஷயமே அதுதான் என்பேன்.

ஜனவரி 8

ஈகிள்ஸ் என்ற ராக் குழுவைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு நகராது.

1993ல் 'காமன் த்ரெட்' என்று ஒரு ஆல்பம் வந்தது. கன்ட்ரிக்காரர்களின் ஊரான நாஷ்வில்லின் அன்றைய பெரிய தலைகள் 13 ஈகிள்ஸ் பாட்டுகளைப் பாடினார்கள். டிராவிஸ் டிரிட் 'டேக் இட் ஈஸி', கிளின்ட் பிளாக் 'டெஸ்பராடோ', வின்ஸ் கில் 'ஐ கான்ட் டெல் யூ வை', ட்ரிஷா இயர்வுட் 'நியூ கிட் இன் டவுன்', ஆலன் ஜாக்ஸன் 'டெக்கீலா சன்ரைஸ்', இப்படி. வருமானத்தில் ஒரு பகுதி ஈகிள்ஸின் டான் ஹென்லி நடத்திய வால்டன் காடு பாதுகாப்பு முயற்சிக்குப் போனது. அடுத்த வருடம் சி.எம்.ஏ. (கன்ட்ரி இசைச் சங்கம்) சிறந்த ஆல்பம் விருதும் வாங்கியது.

டிராவிஸ் டிரிட் வீடியோ எடுக்கும்போது ஈகிள்ஸ்காரர்களும் வர வேண்டும் என்று கேட்டார். 1980ல் பிரிந்துபோனவர்கள், நரகம் உறைந்தால்தான் மறுபடி சேருவோம் என்று ஹென்லி சொல்லியிருந்தார். வந்தார்கள். பழைய சண்டையெல்லாம் மறந்ததுபோல ஒரே அறையில் நின்று வாசித்தார்கள். 1994ல் சுற்றுப்பயணமே கிளம்பிவிட்டது, ஆல்பத்துக்கு 'ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்' என்று பெயரும் வைத்தார்கள். கவர் பாட்டு எதற்கு என்று கேட்டவருக்கு: செத்துப்போன பாண்டுக்கு உயிர் கொடுத்த கவர் இது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். ஆல்பத்தில் பாதி எனக்கு அலுப்பு. டிரிட்டின் 'டேக் இட் ஈஸி' அந்த வீடியோ இல்லாமல் கேட்டால் ஒரிஜினலின் ஜெராக்ஸ். காரணம் சுலபம். 1972 ஒரிஜினலிலேயே பெர்னி லெட்டன் பான்ஜோ வாசிக்கிறார், தாளத்தின் இரட்டை வேகத்தில், லண்டனில் பதிவு செய்த க்ளின் ஜான்ஸின் யோசனையாம் அது. 'பீஸ்ஃபுல் ஈஸி ஃபீலிங்'கில் அதே லெட்டன் பி-பெண்டர் (கன்ட்ரி இழுப்பைக் கொண்டுவரும் கருவி) பொருத்திய டெலிகாஸ்டர் கிட்டார் வாசிக்கிறார். ஏற்கெனவே முக்கால்வாசி கன்ட்ரியாக இருக்கும் பாட்டைக் கன்ட்ரியாக மாற்றுகிறேன் என்றால் எங்கே போய் நிற்பது?

வின்ஸ் கில் தப்பித்துவிட்டார். அவர் எடுத்த பாட்டு கன்ட்ரியே இல்லை, கருப்பின சோல் இசைப் பக்கம் சாய்ந்த, திமத்தி ஷ்மிட் மெல்லிய உச்சக் குரலில் பாடிய 1979 பாட்டு. கில்லின் குரலும் அந்த உயரத்துக்கு அலுங்காமல் ஏறும். போதும், வேறு ஜிகினா எதுவும் சேர்க்கவில்லை.

ஜனவரி 8, இன்னொன்று

அந்த 13ல் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' கிடையாது. ஈகிள்ஸின் ஆகப் பெரிய பாட்டை அந்த ஆல்பத்தில் ஒரு கன்ட்ரிக்காரரும் தொடவில்லை. எனக்குத் தோன்றுவது, அந்தப் பாட்டின் பாதி கௌரவம் கடைசி இரண்டு நிமிடம் ஃபெல்டரும் வால்ஷும் மாறி மாறி வாசிக்கும் கிட்டாரில் இருக்கிறது. பாடகருக்கு அங்கே வேலையே இல்லை, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஜனவரி 11

"ராக்கிலிருந்து கன்ட்ரி திருடுகிறது" என்று எழுதியவருக்கு ஒரு புதிர். 'வைல்ட் ஹார்ஸஸ்' யார் பாட்டு?

ரோலிங் ஸ்டோன்ஸ்தான் எழுதினார்கள், சந்தேகமில்லை. 1969 டிசம்பரில் அலபாமாவின் மசில் ஷோல்ஸில் பதிவும் செய்தார்கள். ஆனால் அது வெளிவந்தது 1971ல். அதற்குள் 1970லேயே ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் என்ற கன்ட்ரி ராக் குழுவினர் அதைத் தங்கள் ஆல்பத்தில் போட்டுவிட்டார்கள், பாடியவர் கிராம் பார்சன்ஸ். அதாவது கவர் முதலில் வந்தது, ஒரிஜினல் பின்னால் வந்தது. பார்சன்ஸ்தான் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸோடு உட்கார்ந்து பழைய கன்ட்ரி பாட்டுகளை மணிக்கணக்கில் வாசித்து அவர் காதில் ஏற்றியவர். அதற்கு முன்பு 1968ல் பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் சேர்ந்து அவர்களையே நாஷ்வில்லுக்கு இழுத்துப் போனவர். 26 வயதில் செத்துப்போனார்.

அந்தப் புரிட்டோ குழுவில் அப்போது கிட்டார் வாசித்தது யார்? மேலே சொன்ன அதே பெர்னி லெட்டன். பிறகு ஈகிள்ஸுக்குப் போனார். யார் யாரிடமிருந்து திருடியது என்று கணக்கு எழுத உட்கார்ந்தால் பேரேடு போதாது.

நம் ஊர் ஆட்களுக்குச் சொல்வதானால் இது பாடாந்தரம் மாதிரி. ஒரே கீர்த்தனை, தஞ்சாவூரில் ஒரு மாதிரி, வீணை தனம்மாள் வீட்டில் ஒரு மாதிரி. எது ஒரிஜினல் என்று சபாவில் எழுந்து நின்று கேட்டால் கேன்டீனுக்குப் போகச் சொல்வார்கள்.

ஜனவரி 12

அனுமதி வாங்குகிறார்களா, காசு யாருக்குப் போகிறது என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டு ஒருமுறை முறையாகப் பதிவாகி வெளிவந்துவிட்டால், அதை வேறு யார் வேண்டுமானாலும் மறுபதிவு செய்யலாம், எழுதியவர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அரசு நிர்ணயித்த கட்டணத்தைக் கொடுத்துவிட்டால் போதும். பல வருடங்கள் ஒரு பிரதிக்கு 9.1 சென்ட் என்று அசையாமல் இருந்தது, 2023ல் 12 சென்ட் ஆனது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகும் பாட்டுக்கு நிமிடக் கணக்கு, அதனால் 'ஃப்ரீ பேர்ட்' போன்ற நீளமான ராக் பாட்டைப் பாடுகிறவர்கள் யோசித்துப் பாட வேண்டும்.

வாத்திய அமைப்பை மாற்றலாம், உங்கள் பாணிக்கு இழுக்கலாம். மெட்டின் அடிப்படையை உடைக்கவோ வரிகளைத் திருத்தி எழுதவோ வேண்டுமென்றால் அனுமதி கேட்க வேண்டும். கட்டணம் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போகும், முதலில் பாடியவருக்கு அதில் பைசா கிடையாது. டாலி பார்ட்டனுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வை எல்விஸ் பாடப் போகிறார், பதிப்புரிமையில் பாதி கொடு என்று எல்விஸின் மேனேஜர் கேட்டார், டாலி கொடுக்கவில்லை. 1992ல் விட்னி ஹூஸ்டன் பாடியபோது அந்தப் பிடிவாதத்துக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 15

நாஷ்வில் போயிருக்கிறாயா என்று கேட்கிறார்கள். ஒருமுறை வேலை விஷயமாகப் போனேன். லோயர் பிராட்வே என்ற தெருவில் அடுத்தடுத்து பார்கள், காலையிலேயே மேடையில் யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். கன்ட்ரியின் தலைநகரத்தில் ஹாங்க் வில்லியம்ஸ் கேட்கலாம் என்று போனால் காதில் விழுந்ததெல்லாம் பெட்டி, ஈகிள்ஸ், ஜர்னி, பான் ஜோவி. தெருவில் நடந்தால் ஒரு வாசலில் விட்ட பாட்டை அடுத்த வாசலில் பிடிக்கலாம். முதலில் எரிச்சலாக இருந்தது.

இடைவேளையில் டிப்ஸ் வாளியோடு மேஜை மேஜையாக வந்த கிட்டார்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர்களுக்கு வருமானமே பெரும்பாலும் அந்த வாளிதான். வந்திருப்பது கல்யாணத்துக்கு முந்தைய கும்மாளத்துக்கு வந்த பெண்கள் கூட்டமும் பக்கத்து மாநில சுற்றுலாக்காரர்களும். எல்லாரும் சேர்ந்து கத்திப் பாடத் தெரிந்த பாட்டு வேண்டும், அது ராக்தான். எனக்கு மெர்ல் ஹேகார்ட் பாட்டு ஒன்று வேண்டும் என்றேன், வாளியைப் பார்த்தார், போட்டேன், வாசித்தார். பிரமாதமாக வாசித்தார். கூட்டம் பாத்ரூமுக்கு எழுந்து போனது.

அந்தப் பெரும் ஆல்பங்களைவிட இந்த வாளிதான் "சரக்கு தீர்ந்துபோச்சு" வாதத்துக்குச் சரியான பதில் என்று இப்போது தோன்றுகிறது. பாடுகிறவனிடம் சரக்கு இருக்கிறது, கேட்கிறவனுக்குத் தெரிந்த பாட்டுதான் வேண்டியிருக்கிறது.

ஜனவரி 19

டுவைட் யோக்கம். இந்த ஆளுக்காகவே தனியாக எழுத வேண்டும்.

குவீன் குழுவின் 'கிரேஸி லிட்டில் திங் கால்ட் லவ்' 1979 பாட்டு, ம்யூனிக் ஓட்டலின் குளியல் தொட்டியில் இருந்தபடி ஃப்ரெடி மெர்க்குரி எழுதியது, எல்விஸுக்கு ஒரு சலாம். யோக்கம் 1999ல் அதை ஒரு துணிக்கடை விளம்பரத்துக்காகப் பாடினார். விளம்பரப் பாட்டு என்று நான் மதிக்கவே இல்லை. அப்புறம் ஒருநாள் கிட்டாரை எடுத்து இரண்டு பதிவுகளோடும் சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். ஃப்ரெடி எல்விஸாக நடிக்கிறார், அருமையாக நடிக்கிறார், கண்ணடிப்பது காதிலேயே தெரியும். யோக்கம் நடிக்கவில்லை. எல்விஸ் எங்கிருந்து எடுத்தாரோ அதே இடத்திலிருந்து வந்தவர், கென்டக்கியில் பிறந்தவர், பக் ஓவன்ஸ் என்ற கன்ட்ரி பாடகரின் பேக்கர்ஸ்ஃபீல்டு பாணியை வரித்துக்கொண்டவர். லண்டன் வழியாகச் சுற்றிவிட்டு வந்த பாட்டைச் சொந்த ஊரில் இறக்கிவிட்டதுபோல இருக்கிறது.

நாஷ்வில் ஆரம்பத்தில் இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் பங்க் குழுக்களோடு ஒரே மேடையில் வாசித்து வளர்ந்தார். அதனால்தான் 1997 'அண்டர் த கவர்ஸ்' ஆல்பத்தில் கிளாஷின் 'ட்ரெய்ன் இன் வெய்ன்' பாடும்போது ஒரு கூச்சமும் இல்லை. கிங்க்ஸ், பீட்டில்ஸ், ஸ்டோன்ஸ் எல்லாம் அதே ஆல்பத்தில் உண்டு. எல்லாமே தேறியது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜெராக்ஸ் ஒன்றுகூடக் கிடையாது.

ஜனவரி 19, கிட்டார் பற்றிக் கேட்டவருக்கு

பி-பெண்டர் என்பது கிட்டாருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நெம்புகோல். தோள் வாரோடு இணைந்திருக்கும். கிட்டாரைக் கீழே அழுத்தினால் பி தந்தி மட்டும் ஒரு முழு சுரம் ஏறும், மற்றவை அசையாது. பெடல் ஸ்டீல் என்ற படுக்கைவாட்டு கிட்டாரில் கால் பெடலை மிதித்தால் வரும் அந்த அழுகை இழுப்பைச் சாதாரண கிட்டாரில் கொண்டுவர, பேர்ட்ஸ் குழுவின் கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் (கிராமுக்குச் சொந்தமில்லை) செய்தது. என்னிடம் இல்லை. விரலால் தந்தியைத் தள்ளித் தள்ளி அதே சத்தம் கொண்டுவரப் பார்ப்பேன், பக்கத்து அறையிலிருந்து கதவு சாத்தப்படும்.

ஜனவரி 20

'லேண்ட்ஸ்லைட்' பெயரை யாரும் சொல்லவில்லையே என்று ஒருவர் கோபித்திருக்கிறார். டிக்ஸி சிக்ஸ், 2002. ஆல்பம் முழுக்க டிரம்ஸே கிடையாது, பான்ஜோ, டோப்ரோ, ஃபிடில், மூன்று குரல். அப்போது நான் இதை ரேடியோ சர்க்கரை என்று ஒதுக்கினேன். ஸ்டீவி நிக்ஸ் 1975ல் கிட்டாரோடு பாடியதற்கு மேல் என்ன இருக்கிறது என்று. நேற்று திரும்பக் கேட்டேன். நிக்ஸ் அதை எழுதியபோது வயது இருபத்தைந்து சொச்சம், தனியாக நின்று தன்னையே கேட்டுக்கொள்கிற பாட்டு. மூன்று பேர் ஹார்மனியில் பாடும்போது அந்தத் தனிமை போய்விடுகிறது, அது இழப்புதான், இப்போதும் சொல்வேன். பதிலுக்கு வேறொன்று வருகிறது, ஒருத்தி கேட்கிற கேள்வியை மற்ற இரண்டு பேரும் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஜெராக்ஸ் பட்டியலில் இதைச் சேர்க்க முடியாது.

லின்டா ரான்ஸ்டாட் 1977ல் பாடிய ஸ்டோன்ஸின் 'டம்ப்ளிங் டைஸ்' பற்றியும் கேட்டார்கள். ஒரே வரி: ஜாகர் மென்று விழுங்கிய சொற்களை அவர் தெளிவாகப் பாடினார், அந்தப் பாட்டு கொஞ்சம் மங்கலாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும்.

ஜனவரி 26

வரிகளை மாற்றலாமா என்ற சண்டை நீண்டுகொண்டே போகிறது, என் பங்குக்கு இரண்டு உதாரணம்.

ஸ்டர்ஜில் சிம்ப்ஸன் 2016ல் நிர்வாணா குழுவின் 'இன் ப்ளூம்' எடுத்தார். (1991 பாட்டு கிளாசிக் ராக்கா என்று கேட்காதீர்கள், கிளாசிக் ராக் ஸ்டேஷன்களில் அதுதான் ஓடுகிறது, நமக்கு வயதாகிவிட்டது.) அர்த்தம் தெரியாமல் கூடச் சேர்ந்து பாடுகிறவனைக் கர்ட் கோபேன் நக்கல் செய்யும் பாட்டு. சிம்ப்ஸன் அந்த வரியின் கடைசியில் 'டு லவ் சம்ஒன்' (ஒருவரை நேசிப்பது) என்று மூன்று சொல் சேர்க்கிறார். அவ்வளவுதான், நக்கல் காணாமல் போய், மகனுக்கு அப்பா சொல்லும் பாட்டாக மாறிவிடுகிறது. ஆல்பமே அவர் தன் மகனுக்காகச் செய்ததுதான்.

லூக் கோம்ஸ் நேர் எதிர். 2023ல் ட்ரேஸி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்' பாடினார், கதை சொல்லும் பெண் கடையில் பில் போடுகிறவள், அந்த வரியை அப்படியே பாடினார், ஆணாக மாற்றவில்லை. இசையிலும் பெரிதாக எதையும் தொடவில்லை. என் அளவுகோல்படி இது ஜெராக்ஸ், கேட்டு முடித்ததும் சாப்மனைத்தான் போட்டேன். ஆனால் இந்த ஜெராக்ஸால்தான் 1988 பாட்டுக்கு சி.எம்.ஏ.வின் சிறந்த பாடல் விருது கிடைத்தது, அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பாடலாசிரியர் சாப்மன். 2024 கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடியபோது கோம்ஸ் ரசிகனைப்போல அவரையே பார்த்துக்கொண்டு, உதட்டசைத்துக்கொண்டு நின்றார். அளவுகோல் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஆடட்டும்.

பிப்ரவரி 2

கடைசியாக வந்த கேள்விகளுக்கு வரிசை இல்லாமல்.

ஹேஸீட் டிக்ஸி உண்மையான குழுதான். ஏசி/டிசியைப் பட்டிக்காட்டு உச்சரிப்பில் சொல்லிப் பாருங்கள், பெயர்க் காரணம் புரியும். 2001ல் ஏசி/டிசி பாட்டுகளை பான்ஜோவும் ஃபிடிலும் வைத்து முழு ஆல்பமாகப் போட்டார்கள். ஜோக்தான், ஆனால் வாசிப்பு ஜோக் இல்லை.

கார்த் ப்ரூக்ஸ் கிஸ் குழுவோடு சேர்ந்து 'ஹார்ட் லக் வுமன்' பாடியதும் உண்மைதான், 1994. பால் ஸ்டான்லி அந்தப் பாட்டை ராட் ஸ்டூவர்ட்டுக்காக எழுதினார், கடைசியில் கிஸ்ஸின் டிரம்மர் பாடினார், அங்கிருந்து கார்த்திடம் போனது. கிஸ்ஸின் அடையாளமான சாயத்தை முகத்தில் பூசவில்லை, ஏமாற்றம்தான்.

2024ல் வந்த, டாம் பெட்டி பாட்டுகளைக் கன்ட்ரிக்காரர்கள் பாடிய 'பெட்டி கன்ட்ரி' ஆல்பத்தில் முதலில் எதைக் கேட்பது என்றால், ரியானன் கிட்டன்ஸ் பாடிய 'டோன்ட் கம் அரவுண்ட் ஹியர் நோ மோர்'. 1985 ஒரிஜினலில் எலெக்ட்ரிக் சிதார் வரும், அதனால் எல்லாரும் அதை விநோத வீடியோவோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கிட்டன்ஸ் பாடினால் வீட்டைவிட்டு வெளியே போ என்பது நிஜமாகவே வெளியே போ என்று கேட்கிறது.

கேள்வி கேட்ட வாசகர் இன்னும் வாயை மூடவில்லை, ஜிப்ஸி கிங்ஸ் பாடிய 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வைச் சேர்க்கலாமா என்கிறார். அது ஃபிளமெங்கோ ஐயா. தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.